வாகைக்குளத்து மடைக்கட்டை

தர்மாம்பாள் டீச்சருக்கு அன்று காலையிலிருந்தே கால் தரையில் பாவவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தைப் பார்வையிட இன்ஸ்பெக்டர் அகிலாண்டம் அம்மாள் வருகிறாள். வந்து பார்த்துச் சரி என்றால்தான் 'வைகைக் காட்சிசாலை' நிலைக்கும். இல்லாவிட்டால் அந்த அறையில் பழையபடி விறகை அடுக்கிவிடுவார்கள்.

விறகு அறையைக் கெஞ்சி வாங்கி, வெள்ளையடித்து, காட்சிசாலையாக்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆற்று மணலில் கிடைத்த உறைகிணற்று வளையம், வலையில் கட்டுகிற சுட்ட மண் குண்டுகள், கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகள் எல்லாவற்றையும் தேடித் தேடிச் சேர்த்திருந்தாள். தேம்ஸ் நதி எங்கே உற்பத்தியாகிறது என்று மதுரைப் பெண்கள் கடகடவென்று ஒப்பித்தார்கள். வைகை எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்டால் முழித்தார்கள். அது அவளுக்குப் பொறுக்கவில்லை.

அறையின் நடுவே ராஜா மாதிரி நின்றது ஒரு மடைக்கட்டை. நீளக் கழி, அதன் அடியில் பம்பரம்போல் செதுக்கிய கனத்த மரம். கண்மாய் மடையின் துவாரத்தில் இறக்கினால் தண்ணீர் நிற்கும். தூக்கினால் வயலுக்குப் பாயும். விரகனூருக்குக் கிழக்கே வாகைக்குளத்தில் மடை பார்க்கும் வீரணன் தானாகவே அதைக் கொடுத்திருந்தான்.

"மூணு வருசமாக் கண்மாய்க்குள்ள ஆடுதேன் மேயிது, டீச்சரம்மா. இனி எங்கிட்டு மழை பேஞ்சு, எங்கிட்டுக் கண்மாய் ரொம்ப? பிள்ளைகளாச்சும் பாக்கட்டும், கொண்டுபோங்க."

அகிலாண்டம் அம்மாள் வந்தாள். சிரித்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்பதுபோன்ற முகம். வரவேற்பில் போர்த்திய சிவப்புச் சால்வையோடு அறையைச் சுற்றி வந்தவள், மடைக்கட்டையின் முன் நின்றாள்.

"இந்த உலக்கை எதுக்கு?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பதில் சொல்ல ஜானு என்ற மாணவி எழுந்தாள். அதற்குள் வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது. முழங்கால்வரை சேறோடு வீரணன் உள்ளே ஓடி வந்தான்.

"டீச்சரம்மா! கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சு!"

"நிஜமாவா!" இன்ஸ்பெக்டரை மறந்து தர்மாம்பாள் கையைத் தட்டிவிட்டாள்.

"சந்தோசந்தேன். ஆனா மடை தொறந்து கெடக்குதே! கட்டை இங்கனயில்ல நிக்கிது!"

மேற்கே மலையில் கொட்டிய ஐப்பசி மழையில் வைகை பெருகி, கால்வாய் வழியாகக் கண்மாய்க்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. வந்த தண்ணீர் மடை வழியாக வீணாக ஓடிக்கொண்டும் இருந்தது. வைக்கோலும் மண்ணும் திணித்துப் பார்த்தார்கள், தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"ஊரே என்னைய வஞ்சு தீக்கிது, தாயி. எம்பொண்டாட்டி ஒச்சாயி, கட்டை வரலேன்னா நீ போயி அந்த ஓட்டையில உக்காருங்கிறா!"

தர்மாம்பாள் கட்டையைப் பார்த்தாள். கட்டை போனால் காட்சிசாலைக்குத் தலையே போன மாதிரி. அதுவும் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது! ஆனால், கண்மாய் என்றால் என்ன என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த வாய் 'இருங்கள்' என்று எப்படிச் சொல்லும்?

"பிடிங்க வீரணன்," என்று கழியின் ஒரு முனையை அவளே தூக்கினாள். பிறகுதான் அகிலாண்டம் அம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரலை," என்றாள் அம்மாள். "பதில் எங்கே போறதோ அங்கே நானும் வரேன். வண்டியிலே இடம் இருக்கா?"

வண்டியில் கட்டை, இரண்டு டீச்சர்மார் சைஸுக்கு ஓர் இன்ஸ்பெக்டர், தர்மாம்பாள், ஜானுவோடு இன்னும் மூன்று பெண்கள். காளைகள் பறந்தன.

"கொஞ்சம் மெதுவா ஓட்டப்பா!"

"அலங்காநல்லூர்ப் பக்கம் வாங்குன மாடும்மா. இதுகளுக்கு மெதுவாப் போகத் தெரியாது!"

வாகைக்குளத்துக் கரையில் ஊரே கூடியிருந்தது. வீரணன் கட்டையோடு தண்ணீரில் குதித்து, மடைக்கல்லைப் பிடித்து ஏறி, துவாரத்தில் அதை இறக்கினான். கரையில் ஆரவாரம் எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. கரைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இன்னும் சீறிக்கொண்டுதான் இருந்தது.

"கட்டை சேரலையே!" என்று கத்தினான் வீரணன்.

தர்மாம்பாளுக்குச் சுருக்கென்று பட்டது. "காய்ஞ்சு சுருங்கியிருக்கு! அறைக்குள்ளே நின்னு நின்னு வத்திப்போச்சு. ஊறினா சரியாயிடும். அதுவரைக்கும் தடிமனா ஏதாவது துணி சுத்துங்க!"

ஆளாளுக்குத் துண்டை அவிழ்த்தார்கள். எல்லாம் நூலாய் இற்றுப்போன துண்டுகள். அகிலாண்டம் அம்மாள் தோளிலிருந்த சால்வையை உருவி நீட்டினாள்.

"இந்தா, எனக்கும் வேர்க்கிறது."

சிவப்புச் சால்வை சுற்றிய கட்டை இறங்கியது. வீரணன் அதன்மேல் ஏறி நின்று மிதித்தான். சீறல் மெல்லக் குறைந்து, கசிவாகி, நின்றது. ஊர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். ஒச்சாயி புருஷனைத் திட்டுவதை நிறுத்தி, வந்தவர்களுக்கு இளநீர் வெட்டச் சொன்னாள்.

இளநீரைக் குடித்துவிட்டு, கரைமேலேயே பரீட்சையைத் தொடங்கினாள் அகிலாண்டம் அம்மாள்.

"இந்தக் கண்மாய் நிறைஞ்சா?"

"கலிங்கு வழியா வழிஞ்சு அடுத்த கண்மாய்க்குப் போகும்," என்றாள் ஜானு.

"அதுவும் நிறைஞ்சா?"

"அதுக்கடுத்த கண்மாய். இப்படியே போய், கடைசியா ராமநாதபுரம் பெரிய கண்மாய்."

"அப்புறம் கடலுக்கா?"

ஜானு யோசித்தாள். "வழியிலே இத்தனை பேர் குடிச்சப்புறம் கடலுக்கு என்ன மாமி மிஞ்சும்?"

மாமி என்றதைக் கேட்டு தர்மாம்பாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அகிலாண்டம் அம்மாளோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "அறை இருக்கட்டும், தர்மாம்பாள். ஆனா வருஷத்துக்கு ஒரு தரமாவது இவாளைக் கரைக்குக் கூட்டிண்டு வரணும். தெரிஞ்சுதா?"

மறுவாரம், காட்சிசாலையில் காலியாகக் கிடந்த நடுவிடத்தில், தரையிலேயே, பெண்கள் சுண்ணாம்பாலும் காவியாலும் வைகையை வரைந்தார்கள். மலையில் தொடங்கி, கண்மாய் கண்மாயாக நிரம்பி, அறை போதாமல் ஆறு வாசற்படியைத் தாண்டி முற்றத்துக்கு ஓடியது. அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வருகிறவர்களெல்லாம் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு அதைத் தாண்டித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது.