நாலாவது ஸ்லைடு நிற்கவில்லை

வாயால் சொன்னால் எங்கள் கிடங்கில் யாருக்கும் காது கேட்காது. நானும் எத்தனை தடவைதான் சொல்வேன்? சரக்கு லிப்டைத் தூக்கும் இரும்பு ரோப்பில் இழை இழையாக அறுந்துகொண்டு வருகிறது, ரோப்பை மாற்றுங்கள், மாற்றும்வரை லிப்டை நிறுத்துங்கள் என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்திவிட்டேன். மேனேஜர் தலையை ஆட்டுவார். "பார்ப்போம்" என்பார். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே பார்ப்போம்தான்.

அந்த லிப்டுக்கு மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் நான். அதற்குள் நின்று நாலு மாடிக்கும் மூட்டை ஏற்றி இறக்குகிறவர் என் வீட்டுக்காரர். போன வாரம் அவர் சட்டையைத் துவைத்தபோது, தோள்பட்டைத் துணியில் குத்தி நின்ற கம்பி இழை ஒன்று என் விரலில் ஏறியது. ஓடிப்போய் அவரிடம் காட்டினேன்.

"ரெண்டாவது மாடி தாண்டும்போது ஒரு உதறு உதறும். அப்பக் கொட்டுது போல" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட உட்கார்ந்தார். இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

நானே லிப்டை நிறுத்திவிடலாம்தான். எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் அப்படித்தான் முதலாளியைக் கேட்காமல் ஒரு நாள் நிறுத்தினார். அன்று சாயங்காலமே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு இந்த ஒரே கிடங்கில்தான்.

"முதலாளி மீட்டிங்ல ஸ்லைடு போட்டுக் காட்டும்மா" என்றார் பார்ப்போம். "கண்ணால பாத்தாதான் அவருக்கு ஏறும்."

ஸ்லைடாம் ஸ்லைடு! கம்ப்யூட்டரில் எனக்குத் தெரிந்தது அதை அணைப்பது ஒன்றுதான். அதையும் சில சமயம் பிளக்கைப் பிடுங்கித்தான் செய்வேன். வேறு வழியில்லாமல், ஆபீசில் பில் போடும் என் நாத்தனாரிடம் போய் நின்றேன். அவளும் நானும் ஒரே வீட்டில் இருந்த காலத்தில் எலியும் பூனையும்தான். நான் போய்க் கேட்டதும் அவள் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

"மவுஸப் புடிக்கச் சொன்னா ஸ்பேனரப் புடிக்கிற மாதிரி புடிக்கிறீங்களே அண்ணி. அதுக்கு வலிக்காதா?"

"கிண்டல் அப்புறம் பண்ணலாம். சொல்லிக் குடு."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடந்தது. எனக்கு இருந்த ஆத்திரத்தில் எல்லாவற்றையும் முதல் ஸ்லைடிலேயே கொட்டினேன். எழுத எழுத, எழுத்து தானாகவே சின்னதாகிக்கொண்டு போனது. கடைசியில் மூக்கைத் திரையில் வைத்தாலும் படிக்க முடியவில்லை.

"ஒரு ஸ்லைடுக்கு நாலு வரி போதும் அண்ணி" என்றாள். "பாக்கிப் புலம்பலெல்லாம் வாயால புலம்புங்க."

அழித்து எழுதினோம். முதலில் தலைப்பு. அப்புறம் லிப்ட் எவ்வளவு பாரம் தூக்குகிறது, எத்தனை நடை போகிறது. நாலாவதாக ரோப்பின் படம். ஐந்தாவதாக, மாற்றுவதற்கு லிப்ட் நாலு நாள் நிற்க வேண்டும் என்ற விவரம். ரோப்பை நானே லிப்ட் மோட்டார் இருக்கும் உச்சி அறைக்கு ஏறி போனில் படம் பிடித்திருந்தேன். அதை ஸ்லைடில் வைத்துப் பெரிதாக்கினாள். அறுந்த இழைகள் திரை முழுக்கச் சிலிர்த்துக்கொண்டு நின்றன. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

"இதுலயா எங்கண்ணன் போயிட்டு வர்றான்?"

"இதுலதான்."

டிபன் பாக்ஸைத் திறக்காமலேயே பைக்குள் வைத்துவிட்டாள்.

மீட்டிங்கிற்கு முந்தின நாள் ஒத்திகை. அதற்கென்று ஒரு பட்டன் இருக்கிறது என்று அவளே தேடிக் கண்டுபிடித்தாள். அதை அழுத்தியதும் திரையின் மூலையில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கியது. வணக்கம் சொல்வதிலேயே நான் பத்துத் தடவை திக்கினேன். ரோப்பின் படம் வந்ததும் எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. "இது எனக்கு மனப்பாடம், விடு" என்று உடனே அடுத்த ஸ்லைடுக்குத் தள்ளிவிட்டேன். ஐந்தாவதில் சண்டை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் என்று சொன்னால்தான் முதலாளி ஒத்துக்கொள்வார் என்றாள் அவள். நாலு நாளுக்கு ஒரு மணி நேரம் குறையாது என்றேன் நான். சண்டை தீரும்வரை அந்த ஸ்லைடு அப்படியே நின்றது.

முடித்ததும் திரையில் ஏதோ கேள்வி வந்தது.

"என்ன கேக்குது?"

"சேவ் பண்ணவான்னு கேக்குது. ஆமான்னு குடுங்க அண்ணி. இல்லன்னா பண்ணின அவ்வளவும் போயிடும்."

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்துவிட்டதால் அவளும் அதைச் சரியாகப் படிக்கவில்லை. நான் ஆம் என்று கொடுத்தேன்.

மீட்டிங் அறையில் முதலாளி, இரண்டு பங்குதாரர்கள், பார்ப்போம். திக்காமல் வணக்கம் சொன்னேன். பாரம் சொன்னேன், நடை சொன்னேன். நன்றாகத்தான் போனது. நாலாவது ஸ்லைடு வந்தது. ரோப் சுவர் அகலத்துக்கு நின்றது. மூச்சை இழுத்து, "ஐயா, இதப் பாருங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் படம் தானாகப் போய்விட்டது. 'லிப்ட் நாலு நாள் நிறுத்தம்' என்று ஐந்தாவது வந்து உட்கார்ந்துகொண்டது.

"நாலு நாளா?" என்றார் முதலாளி.

பின்னால் போகும் பொத்தானை அழுத்தினேன். ரோப் வந்தது. கண் சிமிட்டும் நேரத்தில் மறுபடி ஓடிவிட்டது. திரும்பவும் இழுத்தேன், திரும்பவும் ஓடியது.

"படத்துக்கே நிக்கப் புடிக்கல போல" என்றார் ஒரு பங்குதாரர். எல்லோரும் சிரித்தார்கள். ஐந்தாவது மட்டும் ஆணி அடித்த மாதிரி அசையாமல் நின்றது. அவர்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சரக்கு குவிந்து கிடக்கிற நேரத்தில் நாலு நாளாவது நிறுத்துவதாவது என்று பேசினார்கள். நான் சொன்ன எதையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அடுத்த மாசம் பார்ப்போம்" என்றார் பார்ப்போம்.

வெளியே வந்து நாத்தனாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ அண்ணி, அது சேவ் பண்ணவான்னு கேட்டது நேரத்த. ஒத்திகையில எந்த ஸ்லைடுல எவ்வளவு நேரம் நின்னோமோ, அதே கணக்குல தானா ஓடியிருக்கு."

அவளைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை. நேராகக் கீழே நடந்தேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

லிப்ட் தரைத்தளத்தில் நின்றிருந்தது. அடுத்த நடைக்கு மூட்டைகள் ஏற்றி முடித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே நின்றபடி, "என்ன, படம் ஓடிச்சா?" என்று சிரித்தார்.

"ஓடிருச்சு. நீங்க வெளிய வாங்க."

வந்தார். மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன்.

விஷயம் மேலே போய், முதலாளியும் பார்ப்போமும் இறங்கி வந்தார்கள். முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது.

"யாரக் கேட்டு நிறுத்தின?"

"ரோப்பக் கேட்டுத்தான்" என்றேன்.

முதலாளி இவர் பக்கம் திரும்பினார். "இத்தன வருஷமா ஓட்டுறவன் நீ. நீயே சொல்லுப்பா. போகுமா, போகாதா?"

இவர் என்னைப் பார்த்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்தது. பாவி மனுஷன் ரோப்பை நினைக்கவில்லை, என் வேலையை நினைக்கிறார்.

"போகும்ங்க" என்றார்.

"அண்ணா! என்ன சொல்ற நீ?" என்று நாத்தனார் அலறினாள்.

இவர் என் தோளைத் தொட்டு மெல்ல ஒதுக்கினார். "நகரும்மா. எல்லாம் போகும். நீ வேலைய விட்டுடாத" என்று என் காதோடு சொல்லிவிட்டு, சுவிட்சை மேலே தள்ளினார். லிப்டுக்குள் விளக்கு எரிந்தது. அவர் உள்ளே ஏறினார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நானும் உள்ளே ஏறி மூட்டைமேல் உட்கார்ந்தேன்.

"இறங்கு."

"போகும்னு சொன்னீங்கல்ல? அழுத்துங்க. நாலாவது மாடிக்கே அழுத்துங்க."

"விளையாடாத. இறங்குன்னு சொல்றேன்ல."

"நான் விளையாடல."

"என்னப்பா நிக்கிற?" என்றார் முதலாளி வெளியிலிருந்து. "போகும்னியே, போ."

இவர் விரல் பட்டன்வரை போனது. தனியாக எத்தனையோ ஆயிரம் தடவை அதை அழுத்திய விரல். இப்போது அது பட்டனைத் தொடாமல் நின்றது. அவர் கையைக் கீழே போட்டுவிட்டார்.

"போகாதுங்க" என்றார்.

முதலாளி பார்ப்போம் பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"லிப்ட ஓட்ட வேற ஆள் யாரு இருக்கா?"

நான் மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை. இவரும் வெளியே போகவில்லை. நாத்தனார் முதலாளியைத் தாண்டி உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.