ஆறாம் வகுப்பு முதல்

ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதுதான் ஆதிராஜ் தன் இரட்டைப் பெண்களைப் பிரித்தார். அதுவரை தீக்ஷாவும் மதுமிதாவும் கீழ்பென்னாத்தூர் பக்கம் சொந்த ஊரில் ஒரே பள்ளியில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு விருந்தினர் விடுதியில் அவருக்கு மேலாளர் வேலை கிடைத்ததும் குடும்பம் திருவண்ணாமலைக்கு வந்தது. விடுதியில் தங்குகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். அவர்களிடம் தட்டுத்தடுமாறிப் பேசிப் பேசி, தன் பிள்ளைகளாவது இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கட்டும் என்ற ஆசை அவருக்கு வந்திருந்தது. ஆனால் அவருடைய சம்பளம் ஒரு பிள்ளைக்குத்தான் தாங்கும்.

"தீக்ஷா கொஞ்சம் ஜாஸ்தி மார்க் வாங்குறா. அவளை முதல்ல சேர்த்துடுவோம். ரெண்டு வருஷத்துல மதுவையும் மாத்திடலாம்" என்றார் மனைவியிடம்.

"சேர்த்தா ரெண்டையும் சேருங்க. இல்லன்னா ரெண்டும் கவர்மென்ட் ஸ்கூலுக்கே போவட்டும். ஒண்ணா பொறந்ததுங்களை எதுக்குப் பிரிக்கிறீங்க?" என்று மருதேவி கேட்டாள்.

ஜூன் மாதம் தீக்ஷா டை கட்டிக்கொண்டு பள்ளி வேனில் ஏறினாள். மதுமிதா அரசுப் பெண்கள் பள்ளிக்கு நடந்து போனாள். முதல் வாரம் முழுக்க வேன் கிளம்பும்போது தீக்ஷா அழுதாள். மதுமிதா அழவில்லை. வேன் திரும்பும் மூலை வரைக்கும் பார்த்துக்கொண்டு நிற்பாள், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்தில் மாற்றிவிடுவதாகச் சொன்னது நடக்கவில்லை. பிறகு கொரோனா வந்தது. விடுதியைப் பூட்டிவிட்டார்கள். சம்பளம் பாதியானது, அப்புறம் அதுவும் நின்றது. ஒரே ஒரு போனை வைத்துக்கொண்டு இரண்டு பெண்களும் ஒன்பதாவது படித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் டீக்கடைப் பேப்பரில் ஆதிராஜ் அந்தச் செய்தியைப் பார்த்தார். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் தனியாக இடம் ஒதுக்குகிறார்கள். அவர்களுடைய படிப்புச் செலவையும் அரசே ஏற்கப்போகிறது.

வீட்டுக்கு வந்து, "மதுவுக்கு ஒரு வழி பொறந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

தீக்ஷா விவரமெல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு இல்லியாப்பா?" என்றாள்.

"நீ வாங்குற மார்க்குக்கு ஒதுக்கீடே தேவையில்லமா."

அவர் அதை மனதார நம்பித்தான் சொன்னார். தீக்ஷாவும் நம்பினாள்.

இருவருக்குமே டாக்டர் ஆசை இருந்தது. தீக்ஷாவின் பள்ளியிலேயே நீட் பயிற்சி வகுப்பு உண்டு. மதுமிதாவின் பள்ளியில் சனிக்கிழமை தோறும் அரசு நடத்தும் இலவசப் பயிற்சி. பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுகிற ஜைனக் குடும்பம் அது. அதற்கப்புறம் பாய் விரித்து, எதிரும் புதிருமாக உட்கார்ந்து படிப்பார்கள். மதுமிதாவுக்கு இயற்பியல் வராது. தீக்ஷாதான் சொல்லிக்கொடுப்பாள். அவளுக்குத் தமிழ்ச் சொல் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் சொல் தெரியாது.

"டார்க்னு சொல்றாங்களே, அதுக்கு உங்க புக்ல இன்னா பேரு?"

"திருப்பு விசை."

"ஆங், அதான். எழுந்து வா." தீக்ஷா அவளை வாசற்கதவருகே கூட்டிப்போவாள். "கீல்கிட்ட கை வச்சுத் தள்ளு. நகருதா? இப்ப ஓரத்துல தள்ளு. புரிஞ்சுதா?"

அப்படித்தான் இரண்டு வருஷம் ஓடியது. மதுமிதா பாடம் புரிந்துகொண்டது பள்ளியில் கொஞ்சம், தீக்ஷாவிடம் மீதி.

நீட் தேர்வு முடிவு வந்த அன்று விடுதி அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் தீக்ஷாவே இரண்டு எண்களையும் தட்டினாள். தங்கையைவிட அவளுக்கு நாற்பது மதிப்பெண்ணுக்கு மேல் அதிகம். ஆதிராஜ் விடுதியில் இருந்த எல்லாருக்கும் ஜாங்கிரி கொடுத்தார். அமெரிக்காக்காரர் ஒருவர் தீக்ஷாவுக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு டாக்டர்கள் என்று அன்று முழுக்க மருதேவியைத் தெருவில் எல்லாரும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார்கள்.

பிறகு தரவரிசைப் பட்டியல் வந்தது. பொதுப் பட்டியலில் தீக்ஷாவின் பெயர் எங்கோ ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பின்னால் இருந்தது. அரசுப் பள்ளி மாணவர்களின் பட்டியலில் மதுமிதாவின் பெயர் மேலேயே இருந்தது. தனியார் கல்லூரியில் பணம் கட்டிப் படிக்கவைப்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக்கூடச் சொல்லவில்லை. ஆதிராஜ் பட்டியலை மறுபடி மறுபடி மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். தீக்ஷாதான் மெதுவாக அவர் கையிலிருந்து போனை வாங்கி வைத்தாள்.

"விடுப்பா. அவ்ளோதான் இருக்கும்" என்றாள்.

அந்த வாரமே தீக்ஷா அரசுக் கலைக் கல்லூரியில் மிச்சமிருந்த ஓர் இடத்தில் வேதியியலில் சேர்ந்தாள்.

மதுமிதாவுக்கு அவள் பள்ளியில் பாராட்டு விழா வைத்தார்கள். தலைமையாசிரியை அருணாதேவி சால்வை போர்த்தினார். பெற்றோரையும் மேடைக்கு அழைத்தார்கள். கீழே நின்று போனில் படம் எடுத்தவள் தீக்ஷா. மைக் மதுமிதாவிடம் வந்தபோது அவள், "எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது என் அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு நின்றாள். கூட்டம் கைதட்டித் திரும்பிப் பார்த்தது. தீக்ஷா போனை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மாலை துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனவளின் பின்னாலேயே மதுமிதா போனாள்.

"நான் போகலடி" என்றாள்.

"போகாம?"

"அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து எழுதலாம்."

"அடுத்த வருஷம் மட்டும் நான் கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவளா ஆயிடுவேனா?" தீக்ஷா துணியை மடித்துக்கொண்டே பேசினாள். "நீ விட்டா அந்த சீட்டு எனக்கு வராது மது. வேற யாருக்கோ போகும். நீயாவது போ."

"உனக்கு என்மேல கோவம்தானே?"

தீக்ஷா கொடியில் கடைசியாகக் கிடந்த பாவாடையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ரூல் தப்பில்லடி. உங்க ஸ்கூல்ல ஒரு வருஷம் பிசிக்ஸுக்கு டீச்சரே இல்ல. உன் ஃபிரண்டு கீர்த்தனா காலையில பூ கட்டிக் கொடுத்துட்டுதான் கிளாஸுக்கு வருவா. அவளையும் எங்க கிளாஸ்ல கார்ல வந்து எறங்குறவனையும் ஒரே லைன்ல நிக்கவச்சா அது இன்னா நியாயம்? எல்லாம் புரியுது. புரிஞ்சும் வயிறு எரியுது. உன்மேல எரியுது. அதத்தான் என்னால தாங்க முடியல."

மதுமிதா அவள் கையைப் பிடித்தாள். தீக்ஷா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பிடிக்கவும் இல்லை. கீழே மருதேவி சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் இறங்கிப் போனார்கள்.

கலந்தாய்வில் மதுமிதாவுக்குத் தேனியில் இடம் கிடைத்தது. கிளம்பும் நாளில் அவளுடைய பெட்டியை அடுக்கியது தீக்ஷா. பேருந்து நிலையத்துக்கும் வந்தாள். பேருந்து நகரும்போது சிரித்துக்கொண்டே கையசைத்தாள். தூரத்தில் தலையைக் குனிந்துகொண்டதை ஜன்னலிலிருந்து மதுமிதா பார்த்தாள்.

கல்லூரி விடுதி அறையில் அவளோடு தங்கியிருந்த மூன்று பேரும் அரசுப் பள்ளியிலிருந்து வந்தவர்கள். ஒருத்தியின் அப்பா கல்லுடைப்பவர். எப்போதும் அவள் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் தான் இங்கே இருப்பது சரிதான் என்று மதுமிதாவுக்குத் தோன்றும். உடற்கூறு இயல் புத்தகத்தைத் திறந்து இங்கிலீஷ் புரியாமல் திணறும்போது தீக்ஷாவின் நினைவு வந்துவிடும். அக்கா இருந்திருந்தால் இந்தப் பக்கத்தை ஒரே மூச்சில் படித்திருப்பாள்.

ஒரு நாள் போனில், "இந்தப் பாடம் ஒண்ணும் மண்டையில ஏறலடி. நீ கொஞ்சம் பார்த்துச் சொல்றியா? போட்டோ எடுத்து அனுப்புறேன்" என்றாள்.

"இல்ல மது. இனிமே என்னால சொல்லித்தர முடியாது. உன் கிளாஸ்ல யாரையாவது கேளு" என்றாள் தீக்ஷா. குரலில் கோபம் இல்லை. அதற்கப்புறம் அவர்கள் போனில் பேசியதெல்லாம் சாப்பாடு, மழை, அம்மாவின் முழங்கால் வலி பற்றித்தான். பிறகு அதுவும் குறைந்தது.

மறுபடி எழுதச் சொல்லி ஆதிராஜ் எவ்வளவோ கேட்டார். தீக்ஷா ஒப்புக்கொள்ளவில்லை. படித்த புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டி, அடுத்த வருஷம் எழுதப்போகும் கீர்த்தனாவிடம் கொடுத்துவிட்டாள். இதை அம்மா சொல்லித்தான் மதுமிதா தெரிந்துகொண்டாள்.

பொங்கலுக்கு மதுமிதா ஊருக்கு வந்தாள். தெருவில் எல்லாரும் டாக்டரம்மா என்று கூப்பிட்டார்கள். தீக்ஷா இளைத்திருந்தாள். மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் மதுமிதா, "காலேஜ் எப்படிடி இருக்கு?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு." தீக்ஷா சிரித்தாள். "முதல் வாரத்துல ஒரு கூத்து நடந்துச்சு. மேடம் வந்து, கவர்மென்ட் ஸ்கூல்ல படிச்சவங்கெல்லாம் கை தூக்குங்க, மாசா மாசம் உதவித்தொகை வரும், பேர் எழுதணும்னாங்க. என் பெஞ்சுல எல்லாரும் தூக்குனாங்க. பின்னாடி பெஞ்சு, முன்னாடி பெஞ்சு, எல்லாரும். நானும் தூக்கிட்டேன்."

"நீயா?"

"ஆமா. துட்டுக்காக இல்லடி. எதுக்குன்னே தெரியல, கை தானா போயிடுச்சு. மேடம் எங்கிட்ட வந்து எந்த ஸ்கூல்னு கேட்டாங்க. உன் ஸ்கூல் பேரைச் சொல்லிட்டேன். எழுதவும் எழுதிட்டாங்க. அப்புறம்தான் பயம் வந்து, இல்ல மேடம், நான் இல்ல, என் தங்கச்சி அங்க படிச்சா அப்படின்னேன். கிளாஸே சிரிச்சுது. தங்கச்சி படிச்சா நீ ஏம்மா கை தூக்குறன்னாங்க."

சொல்லும்போது அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். முடிக்கும்போது உதடு கோணிக்கொண்டது. மதுமிதா அவளைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தீக்ஷா அவள் தோளில் முகத்தை வைத்து, சத்தமில்லாமல் அழுதாள்.

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆதிராஜ் வெளியே வந்தார். இருவரையும் பார்க்காமல், "விடுதி வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்" என்று சொல்லி, படியிறங்கித் தெருவில் நடந்தார். அன்று அவருக்கு விடுமுறை.

"கேட்டுட்டார் போல" என்றாள் தீக்ஷா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "செருப்புகூடப் போடாம போறாரு. வாடி."

செங்கம் சாலை முனையில் அவரைப் பிடித்தார்கள். கிரிவலம் முடித்த ஆட்கள் ஆட்டோவுக்குக் காத்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் எங்கே போவது என்று தெரியாதவர்போல நின்றிருந்தார்.

"ரெண்டு பேரையும் ஒரே எடத்துல விட்டிருக்கலாம்" என்றார் தரையைப் பார்த்தபடி. "உங்கம்மா சொன்னா. நல்லதுன்னு நெனச்சுதான்மா பண்ணேன். உனக்கு ஒரு படி மேல இருக்கட்டும்னு."

"தெரியும்பா" என்றாள் தீக்ஷா.

அதற்கு மேல் ஆறுதலாக எதுவும் அவளால் சொல்ல முடியவில்லை. பரவாயில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். தார்ச்சாலை சுட்டது. தீக்ஷா தன் செருப்பைக் கழற்றி அவர் காலடியில் போட்டாள். அது அவருக்குச் சின்னது. குதிகால் வெளியே துருத்திக்கொண்டிருக்க, அவர் அதை மாட்டிக்கொண்டார். தீக்ஷா வெறுங்காலோடு ஓரத்து நிழலில் நடக்க, மூவரும் வீட்டுக்குத் திரும்பினார்கள்.