நாகமலைக்குப் பின்னால்

காசிமாயனை எழுப்பியது மழைச் சத்தம் இல்லை, மழையைத் திட்டுகிற சத்தம். ராத்திரி டூட்டி முடித்துவந்து படுத்தவன் மாடி ஜன்னலைத் திறந்து பார்த்தால், கீழே தெருவே அல்லோலப்பட்டுக்கொண்டிருந்தது. தெரு நீளத்துக்கு நீட்டிக் கஞ்சி போட்டிருந்த நெசவாளி சௌரிராஜனின் பாவு நூலை ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணச் சேலைகளுக்கானது. கஞ்சி கரைந்து, அரக்குச் சாயம் சாக்கடையில் இறங்கி ஓடியது. காலையில் 'தைரியமா நீட்டுங்கண்ணே' என்று சொன்னது காசிமாயன்தான்.

எண்பத்து மூன்றில், மழை ஆராய்ச்சிக்கென்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் முகாம் போட்டு ரேடார் வைத்திருந்தார்கள். சமயநல்லூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை காசிமாயன் அதில் ஆபரேட்டர்; குடியிருந்தது சௌராஷ்டிர நெசவாளர் தெருவில் ஒரு மாடி அறையில். வந்த புதிதில் அவன் வாடகைக்காரன். இரண்டு தடவை மழையைச் சரியாகச் சொன்ன பிறகு தெருவுக்கே மாப்பிள்ளை. ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் காபி வந்துவிடும். மொத்த வியாபாரி வாயிலிருந்து விலை விழக் காத்திருக்கிற சில்லறைக் கடைக்காரர்கள் மாதிரி சுற்றி நிற்பார்கள். அவனும் உடனே சொல்லிவிட மாட்டான். காபியை ஆற்றி, ஒரு வாய் குடித்து, வானத்தை ஒரு பார்வை பார்த்து, பிறகுதான். அதே சரக்குதான்; காக்க வைத்துக் கொடுத்தால் மவுசு கூடும் என்பது அவனுக்கும் பிடிபட்டிருந்தது.

பாவு நனைந்த அன்று விடியலில் ரேடார் திரையில் நாகமலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தடிப்பாகத் தெரிந்தது. மலை எப்போதும் அதே இடத்தில் பச்சையாக ஒட்டிக்கொண்டு கிடப்பதுதான். மழையா மலையா என்று சந்தேகம் வந்தால் அதற்கு வழி உண்டு. ஒரு சுவிட்சைத் திருப்பி, கிடைமட்டமாக அதிரும் படுக்கை அலையில் பார்த்ததை, செங்குத்தாக அதிரும் நிமிர்ந்த அலையிலும் பார்க்க வேண்டும். கனத்து விழுகிற மழைத்துளி உருண்டையாக இருக்காது, இட்லி மாதிரி அமுங்கியிருக்கும். அதனால் படுக்கையில் பலமாகவும் நிமிர்ந்ததில் சற்று மங்கலாகவும் தெரியும். மலைக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது, கன்னாபின்னாவென்று மாறும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் வெளியே ஜீப் டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்துவிட்டான். ஜீப்பை விட்டால் பஸ்ஸுக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். சுவிட்சைத் தொடாமலே, மலைதான் என்று எழுந்துவிட்டான்.

இப்போது சட்டையை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். உள்ளதைச் சொல்லிவிடுவது என்றுதான் இறங்கினான். கடைசிப் படிக்கு வரும்போது சௌரிராஜனின் குரல் கேட்டது.

"மாப்ள மேல ஒரு தப்பும் இல்ல. மெஷினு மழை இல்லன்னு சொல்லிருச்சு. அப்பறம் மழை எங்கிட்டிருந்து வந்துச்சு? இந்தா நிக்கிறாளே, இவ வாயிலருந்து வந்துச்சு!"

நின்றவள் சூடாமணி. தறியில் தீர்ந்துபோன பாவோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள். காலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது, தன் வாசலை மறித்துக் கிடந்த பாவைப் பார்த்து, "மழை வந்து இம்புட்டையும் அள்ளிட்டுப் போகட்டும்" என்று வாயை விட்டிருக்கிறாள். தெருவே கேட்டிருக்கிறது.

"ஒரு பேச்சுக்குச் சொன்னேண்ணே."

"நீ பேச்சுக்குத்தான் சொன்ன, அது நெசத்துக்கே வந்துருச்சு. மெஷினையே பொய்யாக்கிப்புட்டியே, நீ லேசுப்பட்ட ஆளா?"

யாரோ சிரித்தார்கள். காசிமாயனைப் பார்த்ததும் சௌரிராஜன் சொட்டச் சொட்ட நனைந்த துண்டோடு திரும்பி, "நீங்க போய்ப் படுங்க மாப்ள, ராத்திரி முழிச்ச ஒடம்பு" என்றார். திட்டியிருந்தால்கூடச் சொல்லியிருப்பான். அந்தக் கரிசனத்துக்குத் தலையாட்டிவிட்டுப் படியேறிவிட்டான். பழிக்கு வேறு ஆள் கிடைத்துவிட்ட இடத்தில், வலியப் போய் அதைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்ள எந்த மடையன் முன்வருவான்? அன்றைக்கு அவன் மடையனாக இல்லை. அதுதான் பிறகு அவனை உறுத்திக்கொண்டே இருந்தது.

சூடாமணியை அப்புறம் யாரும் பாவு பிணைக்கக் கூப்பிடவில்லை. பாவு நீட்டுகிற நாட்களில் அவள் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். காசிமாயனுக்கோ காபியோடு இப்போது பூரியும் வந்தது. முகாமில் அவன் சுவிட்சைத் திருப்பிக்கொண்டே இருந்தான். மலையை, மழையை, ஒன்றுமில்லாத வெறும் வானத்தைக்கூட. "என்னப்பா, சுவிட்சு கையோட வந்துறப்போகுது" என்று இன்ஜினியர் கிண்டலடித்தார்.

ஒரு மத்தியானம் சூடாமணி மாடியேறி வந்தாள். உள்ளே வரவில்லை. முந்தானையால் வாயை மூடியபடி வாசலிலேயே நின்றாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். அன்னைக்கி நீங்க பாக்கறப்ப மழை இல்லதான?"

"எதுக்குக்கா?"

"நான் சொன்னப்பறந்தான் வந்துச்சான்னு தெரியணும்." முந்தானைக்குள்ளிருந்து குரல் கம்மலாக வந்தது. "எங்க வீட்டுக்காரரையும் ஒருநா 'போய்த் தொலை'ன்னு சொன்னேன். அந்த வாரமே போயிட்டாரு. குடிச்சுத்தான் போனாருன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

காசிமாயன் எழுந்து நின்றான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "அக்கா, அந்த மழை…" என்று ஆரம்பித்தான்.

மேற்கே இடி உருண்டது. சூடாமணி பதறிப்போய் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தான் எதுவும் சொல்லவில்லை என்று கண்கள் மட்டும் அவனிடம் கெஞ்சின. ஜன்னலுக்கு வெளியே, நாகமலை இருக்க வேண்டிய இடத்தில் கருப்பாக ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. கீழே, பாதி நீட்டிய பாவைக் கையில் பிடித்தபடி, "மாப்ள!" என்று சௌரிராஜன் கூப்பிட்டார். தெருவில் இருந்த எல்லா முகமும் அவன் வாயைப் பார்த்து நிமிர்ந்தது.