ஏட்டய்யா அழைக்க வந்திருக்கிறார்

1

இந்தக் கதையை எழுதும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. என் மச்சினி கேட்டதும் கதை இல்லை. தன் கல்யாணப் பத்திரிகையோடு சேர்த்துக் கொடுக்க ஒரு குறிப்புதான் கேட்டாள்.

"அத்தான், நீங்கதான் எழுதுறவராச்சே. 'எங்க அப்பா உங்க வீட்டுக்கு வந்தா பயப்படாதீங்க, கல்யாணத்துக்குக் கூப்பிடத்தான் வர்றாரு'ன்னு நாலு வரி எழுதிக் குடுங்க."

நாலு வரியோடு நிறுத்தத் தெரிந்தவன் என்றால் நான் ஏன் இந்தத் தொழிலில் இருக்கப்போகிறேன்?

அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், ஓய்வு பெற்ற போலீஸ்காரர். ஏட்டுக்கு மேல் போகவில்லை. பதவி உயர்வு என்றால் வேறு ஊர் என்பதால், வரும்போதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பிறந்த ஊரிலேயே வேலை பார்த்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். எல்லோருக்கும் அவர் ஏட்டய்யா. மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அவர் ஒரு தெருவுக்குள் நுழைந்தால், தங்கள் வாசலை அவர் தாண்டிப் போகும்வரை ஆட்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கதை.

2

தொடக்கம், முதல் முயற்சி: "காவல் நிலையத்தின் மஞ்சள் சுவரில் மாலை வெயில் மெல்லச் சாய்ந்து…" (வேண்டாம். சுவர் என்ன பாவம் செய்தது?)

இரண்டாவது: "கடமையைக் கண்ணாகப் போற்றிய…" (இது பிரிவு உபசார விழாவில் இன்ஸ்பெக்டர் வாசித்தது. வாசித்தவருக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது, நடந்தது நடந்தபடி:

மாமா வேலையில் சேர்ந்த புதிது. மூத்த போலீஸ்காரர் ஒருவரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகிறார். ஒரு வீட்டின் முன்னால் வண்டி நிற்கிறது. மாடியில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கிறாள். மூத்தவர் வண்டியை விட்டு இறங்கவில்லை, இன்ஜினை அணைக்கவும் இல்லை. அண்ணாந்து பார்த்து, "உங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரியில இறந்துட்டாரும்மா. வந்து கையெழுத்துப் போட்டுட்டு வாங்கிக்கங்க" என்று கத்துகிறார். அந்தப் பெண் கையிலிருந்த போர்வையைக் கொடியில் விரித்து, கிளிப் போட்டுவிட்டு, அப்படியே கீழே உட்காருகிறாள். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மறுநாள் காலையில் மாமா இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, இந்த ஊர்ல யார் வீட்டுக்கு இந்த மாதிரி சேதி போறதா இருந்தாலும் நான் போறேன்."

"தாராளமா போய்யா" என்றார் இன்ஸ்பெக்டர். யாருக்குமே பிடிக்காத வேலை. கேட்டு வாங்கிக்கொள்ள ஒரு ஆள் கிடைத்தால் விடுவாரா?

3

அவர் அதை எப்படிச் செய்தார் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். (இந்த இடத்தில் கதை நின்று கட்டுரை ஆகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்திவிடுவார். தொப்பியைக் கழற்றிக்கொள்வார். எந்த வீட்டில் இதய நோயாளி இருக்கிறார், யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டில் யார் தைரியசாலி என்பதெல்லாம் சொந்த ஊர்க்காரர் என்பதால் அவருக்குத் தெரியும். உள்ளே போனதும், "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்பார். தண்ணீர் அவருக்கு இல்லை. கொண்டுவந்தவரை உட்காரவைத்து, சேதியைச் சொல்லி, அதே டம்ளரை அவர் கையில் கொடுப்பார். சுற்றி வளைக்க மாட்டார். இறந்தவரை "சீரியஸா இருக்காரு" என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போவதைப் போல ஒரு அயோக்கியத்தனம் இல்லை என்பார். பிறகு அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லாம் முடிகிறவரை கூடவே நிற்பார்.

நாளாக ஆக, ஊருக்கு இந்த முறை அத்துப்படி ஆகிவிட்டது.*

* அதனால் அவர் யார் வீட்டிலும் தண்ணீர் கேட்க முடியாமல் போயிற்று. பெண் கொடுப்பது பற்றிப் பேச எங்கள் வீட்டுக்கு வந்தபோது அவருக்கு விடாமல் விக்கல். நாங்கள் வெளியூர், எங்களுக்கு ஒன்றும் தெரியாது. அப்போதும் அவர் வாயைத் திறக்கவில்லை. என் அம்மாவாகப் பார்த்துக் கொடுத்த பிறகுதான் குடித்தார்.

4

பத்திரிகை அச்சாகி வந்ததும் மாமாவும் அத்தையும் முதலில் டெய்லர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். மாமா புதுச் சட்டை போட்டிருந்தார். வெயில் கொளுத்தியது. டெய்லரின் மனைவி கதவைத் திறந்தார். மாமா சந்தோஷத்தில் இருந்தார், தொண்டை காய்ந்திருந்தது, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார்.

"கொஞ்சம் தண்ணி குடும்மா."

டெய்லரின் மகன் லாரி ஓட்டுகிறவன். "ஐயோ, எம்புள்ளைக்கு என்னாச்சு!" என்று அந்த அம்மா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. அத்தை பத்திரிகையை எடுத்து ஆட்டி, "கல்யாணம்! கல்யாணம்!" என்று கத்தியது யார் காதிலும் விழவில்லை. டெய்லர் கழுத்தில் அளவு நாடாவோடு ஓடிவந்து மகனுக்குப் போன் போட்டார். அவன் எங்கோ வழியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாய் நிறையச் சோற்றோடு "என்னப்பா?" என்றான். அதைக் கேட்டதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து பத்திரிகைப் பையை மேசைமேல் வைத்தார்.

"நீங்களே போய்க் கூப்பிடுங்க. நான் வரல."

"பெத்தவர் வந்து கூப்பிடலன்னா யாருப்பா வருவாங்க?" என்று மச்சினி சண்டை போட்டாள். பலிக்கவில்லை. பிறகு என்னிடம் வந்துதான் அந்த நாலு வரியைக் கேட்டாள். "கூட்டம் வராட்டி போகட்டும் அத்தான். எங்க அப்பா இந்த ஊருக்கு ஒரே ஒரு தடவையாவது நல்ல சேதி சொல்லிடணும்."

5

(இந்தப் பகுதியை நீக்கிவிட்டேன். இதில் மாமாவுக்கு ஒரு மகன் இருந்தான். அவன் தூரதேசத்தில் இறந்துபோக, ஊருக்கெல்லாம் சேதி சொன்னவருக்கு யார் சேதி சொல்வது என்று ஊரே தவிக்கும். நன்றாகத்தான் வந்திருந்தது. என் மனைவி படித்துவிட்டு, "எனக்கு ஏதுங்க தம்பி? இல்லாதவனைப் பெத்து நீங்களே கொன்னும் போட்டீங்களா? எங்க அப்பாவுக்கு இருக்கிற கஷ்டம் போதாதா?" என்றாள். கிழித்துப் போட்டேன்.)

அதற்குப் பதிலாக என் சந்தேகம் ஒன்றை எழுதுகிறேன். இதுவரை எழுதியதைப் படித்தபோது, மாமா அளவுக்கு மீறி நல்லவராகத் தெரிந்தார். அவரிடமே கேட்டேன்.

"மாமா, நீங்க யாரையும் அடிச்சதே இல்லையா?"

"அடிச்சிருக்கேன் மாப்பிள்ளை. அடிக்க வேண்டாதவனையும் அடிச்சிருக்கேன். அதையும் எழுதுங்க. இல்லன்னா தண்ணி குடுத்த கதைய எவன் நம்புவான்?"

எழுதிவிட்டேன்.

6

மச்சினி கேட்ட குறிப்பை ஒருவழியாக முடித்து மாமாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"நல்லா இருக்கு. ஆனா குடுக்க வேண்டாம்."

"ஏன் மாமா?"

"இதைப் படிச்சவங்க முகத்தை முன்னாடியே சரிபண்ணி வெச்சுக்கிட்டுக் கதவைத் திறப்பாங்க. பாவம்னு திறப்பாங்க. எனக்கு அது எதுக்கு?"

"அப்போ உங்களுக்கு என்னதான் வேணும்?"

யோசித்தார். "ஒரு வீட்லயாவது என்னைப் பார்த்ததும் 'வாங்க'ன்னு சொல்லணும். 'யாருக்கு என்ன'ன்னு கேக்கக் கூடாது. அவ்வளவுதான்."

இவ்வளவு சின்ன ஆசையை வைத்துக்கொண்டு இந்த மனிதர் இத்தனை காலம் இந்த ஊரில் இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. பேப்பரை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

7

முடிவு, அ: கல்யாண மண்டபம் நிரம்பி வழிகிறது. அவர் சேதி சொன்ன வீடுகள் எல்லாம் திரண்டு வந்து… (கண்ணீருக்கு உத்தரவாதம். ஆனால் கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. நடக்காததை எப்படி எழுத?)

முடிவு, ஆ: அவர் போகவே இல்லை. எல்லோருக்கும் போனிலேயே அழைப்பு…

மாமா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. லாண்டரிக்காரம்மா. இவருடைய கணவர் விபத்தில் போனபோது சேதி கொண்டுபோனவர் மாமாதான். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் பத்திரிகை வெச்சிட்டு எனக்கு இல்லையா ஏட்டய்யா?"

"யாருக்குமே வைக்கலம்மா. டெய்லர் வீட்ல நடந்தது உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதான் வந்தேன்."

"உனக்குப் பயமா இல்லையா என்னைப் பார்த்தா?"

நான் எழுதியிருந்தால் அந்த அம்மாவை 'இல்லை' என்று சொல்லவைத்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

"இல்லாம என்ன? எனக்கும் வெளியூர்ல ஒரு மக இருக்கா. உங்களைப் பார்த்தா பக்குன்னுதான் இருக்கும். ஆனா அப்படி ஒண்ணு வர்றதா இருந்தா, நீங்க வந்துதான் சொல்லணும். வேற யார் வாயாலயும் நான் அதைக் கேக்க மாட்டேன்."

அந்த அம்மா மேசைமேலிருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கிளம்புங்க. கதவை நான் தட்டுறேன். நீங்க எனக்குப் பின்னால நில்லுங்க. கூப்பிட வேண்டியது மட்டும் நீங்க கூப்பிட்டாப் போதும்."

அத்தை அவசர அவசரமாகத் தலை வாரினார். மூன்று பேரும் படியிறங்கிப் போனார்கள்.

8

நான் கூடப் போகவில்லை. மாமா சாயங்காலம் வந்தார். பை காலியாக இருந்தது. "என்ன சொன்னாங்க மாமா?" என்று கேட்டேன்.

"கல்யாணம்னு சொன்னேன்."

"அவங்க?"

"ஒவ்வொரு வீட்ல ஒவ்வொரு மாதிரி" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் பார்த்ததை அவர் எந்தக் காலத்திலும் வெளியே சொன்னதில்லை. எனக்காக மட்டும் சொல்லிவிடுவாரா? லாண்டரிக்காரம்மாவைக் கேட்டேன். "உங்களுக்கு எதுக்குங்க அதெல்லாம்?" என்றார்.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. கல்யாணம் முடிந்த பிறகுதான் இது அச்சில் வரும் என்று மாமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இந்த ஊர்க்காரர் என்றால், இதைப் படிக்கும்போது அவர் உங்கள் வீட்டுக்கு வந்துபோயிருப்பார். கதவைத் திறந்ததும் உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எதுவென்று உங்களுக்கும் வந்த மூன்று பேருக்கும்தான் தெரியும். மாமா யாரிடமும் சொல்ல மாட்டார்.