அண்ணை ஏறட்டும்

தியாகலிங்கத்தாரின் கால்கள் முப்பத்தொரு வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்ற கால்கள். குறிகட்டுவான் றோட்டுக் குழிகளில் பஸ் துள்ளும்போது சனமெல்லாம் கம்பியில் தொங்கும். கொண்டக்டரான அவர் மட்டும் ஒன்றையும் பிடிக்காமல் ரிக்கெற் கிழித்துக்கொண்டு நிற்பார். அந்தக் கால்களுக்குத்தான் இப்போது நயினாதீவில் சொந்த வீட்டுக் குசினிப் படியைத் தாண்ட ஆள் துணை வேண்டியிருந்தது.

பார்க்கின்சன் என்று டொக்டர் சொல்லி நாலு வருடம். கை நடுங்குகிற வருத்தம் என்றுதான் ஊர் நினைத்தது. கை நடுங்கினால் நடுங்கிவிட்டுப் போகட்டும், அதோடு வாழலாம். உடம்பின் சமநிலை போனதையும், காது குழம்பியதையும், குரல் தேய்ந்ததையும் யாரிடம் சொல்லி அழுவது? நாலு பேர் கூடிக் கதைத்தால் அவருக்கு இரைச்சல் கேட்கும், சொல் பிடிபடாது. அவர் ஏதும் சொன்னால் எதிரில் இருப்பவர் "என்ன?" என்பார். அப்படிக் கேட்காதவள் அவர் மனைவி யோகம்மா ஒருத்திதான். வாயைப் பார்த்தே விளங்கிக்கொள்வாள். ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் குளிசையும் தண்ணீருமாக வந்து நிற்பாள். அது பிந்தினால் அவருடைய கால் நிலத்தோடு ஒட்டிவிடும்.

கடலைக் குழப்புகிற சோளகக் காற்று வீசிய அந்த நாளில் பத்து மணிக்கு யோகம்மா வரவில்லை. குசினிச் சுவரில் சாய்ந்து நெஞ்சைப் பிடித்தபடி இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, உங்கட குளிசை மேசையில கிடக்கு, போடுங்கோ" என்றாள்.

அவளுக்கு உயிர் போகிறது, இந்த மனிதனுக்குக் குளிசையா? அவர் போடவில்லை.

பக்கத்து வீட்டு இளைஞர்கள் இரண்டு பேர் இருவரையும் ஓட்டோவில் தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். "மாரடைப்பு. உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோகவேணும். ஒரு நிமிசமும் மினக்கெடாதேங்கோ" என்றார் டொக்டர். அக்கரையில், குறிகட்டுவானில், அம்புலன்ஸ் வந்து நிற்கும். இக்கரைத் துறையில் படகுக்காரன் றஜீபன் தன் படகை ஸ்ரார்ட் செய்து வைத்திருந்தான். யோகம்மாவைக் கதிரையோடு தூக்கிப் படகில் இறக்கினார்கள். பிறகு எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

துறை விளிம்புக்கும் படகுக்கும் நடுவில் ஓரடிக் கடல். படகு ஏறியது, இறங்கியது.

"இப்ப காலை வையுங்கோ அண்ணை!" என்று றஜீபன் கையை நீட்டினான்.

எஞ்சின் இரைச்சலுக்குள்ளால் அந்தச் சொல் அவருக்கு வந்து சேர்வதற்குள் படகு விலகிவிட்டது. இன்னொரு தரம். அதற்குப் பிறகும் ஒரு தரம். கால் அசையவில்லை.

யோகம்மாவின் முகம் வெளிறிக்கொண்டே போனது. தன்னால் ஏலாது, அவர்கள் போகவேண்டும் என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது.

"போங்கோ" என்றார். "என்னை விட்டிட்டுப் போங்கோ."

ஒருகாலம் இந்த வாய் 'றைற்' என்றால் எழுபது பேரோடு பஸ் கிளம்பும். இன்றைக்கு ஒரு சின்னப் படகு கிளம்பவில்லை. சைகை காட்டலாமென்றால் ஒரு கை ஊன்றுதடியில், மற்றக் கை தன்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. அதில் எது சைகை, எது வருத்தம் என்று யார் கண்டது? யோகம்மா பார்த்திருந்தால் சொல்லியிருப்பாள். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"அண்ணை ஏறட்டும், பொறுங்கோ" என்றான் றஜீபன். பெண்சாதியை ஏற்றிக்கொண்டு புருசனைத் துறையில் விட்டுவிட்டுப் போக எந்தத் தீவுக்காரனுக்கு மனம் வரும்? நல்ல மனிதர்கள். நாசமாய்ப் போன நல்ல மனிதர்கள்.

நாலு வருடமாக எதற்குப் பயந்து சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாரோ, கடைசியில் அவர் அதையே செய்தார். தான் வரப்போவதில்லை என்று இப்போதாவது தெரியட்டும் என்று தடியை விட்டுவிட்டுப் பின்பக்கமாகச் சரிந்து சீமெந்தில் விழுந்தார்.

"ஐயோ அண்ணை!" என்று படகிலிருந்த அத்தனை பேரும் துறைக்குப் பாய்ந்தார்கள். தலையில் வழிந்த இரத்தத்தைத் துடைத்தார்கள், துணி கிழித்துக் கட்டினார்கள், தண்ணீர் பருக்கினார்கள். அவர் போங்கோ, போங்கோ என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "கதையாதேங்கோ அண்ணை" என்றார்கள். பிறகு அரிசி மூட்டையைப்போலத் தூக்கி யோகம்மாவின் பக்கத்தில் கிடத்தினார்கள்.

குறிகட்டுவானை அடைவதற்கு முன்பே அவள் கை குளிர்ந்துவிட்டது. அம்புலன்ஸில் வந்தவர் நாடியைப் பார்த்தார். "கொஞ்சம் முந்தி வந்திருந்தால்..." என்று தொடங்கியவர், தியாகலிங்கத்தாரின் தலைக்கட்டைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்.

யோகம்மா செத்த எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, றஜீபன் வந்து அவரது கதிரைக்குப் பக்கத்தில் இருந்தான். வந்த சனத்துக்கெல்லாம் அவன்தான் கதை சொன்னான்.

"எனக்கெண்டால் அண்ணையை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை. கடைசி வரைக்கும் அக்காவுக்குப் பக்கத்தில இருந்தவர். அது காணும், வேறென்ன வேணும்."

சனம் தலையாட்டியது. தியாகலிங்கத்தார் அவனது சேர்ட்டைப் பிடித்து இழுத்தார். அங்கே எஞ்சின் இல்லை, காற்றும் விழுந்திருந்தது. றஜீபன் குனிந்து காதைக் கொடுத்தான்.

"நான் போகச் சொன்னனான், தம்பி."

கேட்டுவிட்டது. அவன் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்து முற்றத்தில் இறங்கினான்.

சொல்லியிருக்கக் கூடாது. "தம்பி, உன்னில பிழையில்லை. திரும்பி வா" என்று கூப்பிட்டார். பக்கத்தில் இலை போட்டுக்கொண்டு நின்றவருக்குக்கூட அது கேட்கவில்லை. றஜீபன் படலையைத் தாண்டிப் போய்விட்டான்.