மாடில்லாத வீட்டு மாட்டுப் பொங்கல்

புதுப்பட்டினம் குப்பத்தில் சிங்காரத்தின் வீட்டில் மாடு கிடையாது. ஆனால் மாட்டுப் பொங்கல் உண்டு. ஏழு வருடத்துக்கு முன் புயலில் கட்டுமரம் பிரிந்து போனபோது, ஒற்றைக் கட்டையோடு தன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு ராத்திரியும் ஒரு பகலும் மிதந்து சதுரங்கப்பட்டினத்தில் கரை ஒதுங்கியவர் அவர். கட்டையை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதிலிருந்து, ஊரார் மாட்டைக் குளிப்பாட்டும் நாளில் அவர் அந்தத் தேங்காய்நார்க் கயிற்றைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, படையல் போடுவார்.

"உன் மாடு இந்த வருசமாவது கன்னு போட்டுச்சா, அண்ணாத்த?" என்று குப்பமே கேலி செய்யும்.

"கன்னு போடலன்னா இன்னா, என்னைக் கொண்டாந்து கரையில போட்டுச்சே" என்பார்.

இந்த வருடம் அந்தக் கயிறு இல்லை. அது அவருடைய பதினைந்து வயது மகள் வசுமதிக்கு மட்டும்தான் தெரியும்.

போகியன்று விடிகாலையில் கிழிந்த பாய்களை வாரி நெருப்பில் போட்டவள் அவள்தான். ஒரு பாயின் சுருட்டலுக்குள் கயிறு விழுந்து கிடந்ததை அவள் பார்க்கவில்லை. நாரில் ஊறியிருந்த உப்பு படபடவென்று வெடித்தபோதுதான் பார்த்தாள். அதற்குள் பாதிக் கயிறு போயிருந்தது; மீதியை எடுக்க நெருப்பு விடவில்லை.

மறுநாள் பொங்கலில் ஒரு வாய்கூட அவளுக்கு இறங்கவில்லை. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, அண்ணி சம்பூர்ணத்தின் காதில் சொல்லிவிட்டாள்.

"நைனா அடிச்சாகூட பரவால்ல அண்ணி. அடிக்காம கடலைப் பாத்துகினு உக்காந்துட்டா இன்னா பண்றது?"

சம்பூர்ணம் அவள் பக்கம் திரும்பிப் படுத்தாள். "உங்கண்ணன் கட்டுமரத்துல பழங்கயிறு ஒண்ணு கீது. நனைச்சி எடுத்தாந்து குடுத்துடு. ஈரத்துல எல்லாக் கயிறும் ஒரே கயிறுதான். மாமாவுக்குத் தெரியாது."

"தெரியாம அதைக் கும்புடுவாரே."

"கும்புட்டுட்டுப் போறாரு. தூங்கு."

மறுநாள் காலையில் சிங்காரம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வாசலில் வந்து உட்கார்ந்தார். வசுமதியின் அம்மா ஆதியம்மாள் இலையில் படையல் வைத்து, குழைத்த மஞ்சளைத் தட்டில் கொண்டுவந்தாள்.

"இன்னா நின்னுகினு கீற, எட்தா" என்று மகளிடம் கை நீட்டினார்.

வசுமதி, நனைத்துக் கொண்டுவந்திருந்த அண்ணனின் பழங்கயிற்றை முதுகுக்குப் பின்னாலேயே பிடித்துக்கொண்டாள்.

"இது அது இல்ல நைனா. அதை போகியில எரிச்சிட்டேன். பாய்க்குள்ள இருந்திச்சி, பாக்கல."

அவர் அடிக்கவில்லை. அவள் பயந்தபடியே முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். இலையில் பொங்கல் ஆறியது. உள்ளே சம்பூர்ணம் பாத்திரத்தைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

வெகுநேரம் கழித்துக் கேட்டார்: "முழுசா எரிஞ்சிடிச்சா?"

"ஆமா."

"முடிச்சுமா?"

"அதுதான் கடைசியா எரிஞ்சிது."

"இருக்கும். அவ்ளோ இறுக்கிப் போட்டேன்."

ஆதியம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், "இப்டித் திரும்புய்யா" என்று அவர் வேட்டியை ஒரு விரற்கடை கீழே இறக்கினாள். கயிறு அறுத்த தழும்பு இடுப்பைச் சுற்றிக் கறுப்பாக ஓடியது.

"கயிறு போனா போவுது. அது கடிச்ச எடம் இங்கதானே கீது" என்று சொல்லித் தட்டை மகளிடம் நீட்டினாள். "எரிச்சவ நீதானே, நீயே பூசு."

வசுமதி பழங்கயிற்றைக் கீழே போட்டுவிட்டு மண்டியிட்டாள். விரலால் மஞ்சளைத் தொட்டுத் தழும்பில் வைத்ததும் சிங்காரம் நெளிந்தார்.

"மெதுவாடி, கூசுது."

அவள் முதுகுப் பக்கம் சுற்றிவந்து முடிக்கும்வரை, மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார்.