ஈ அருவருத்த சோறு

தாழங்கரையில் மேர்சியின் சோற்றுக் கடைக்கு ஈ வருவது நின்றது, சமையல் கேஸுக்கு ஊர் வரிசையில் நின்ற காலம் முடிந்த மறு வருடம், சித்திரை மாதத்து ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணியளவில். அதுவரை மற்றக் கடைகளைப் போலவே அங்கும் வேண்டிய மட்டும் ஈ இருந்தது. அன்றைக்குப் பதினொரு மணிக்கு அவை கறிச் சட்டிகளை விட்டு எழும்பி, வாசலால் வெளியேறி, வீதியைக் கடந்து, வாவிக் கரையில் யாரோ எறிந்திருந்த மீன் குடலில் போய் உட்கார்ந்தன. பிறகு கடைப் பக்கம் தலைகாட்டவில்லை.

இதற்குச் சந்தோஷப்பட்டதுதான் ஊர் செய்த முதல் பிழை. ஈ இல்லாத சோற்றுக் கடை என்று மட்டக்களப்பு வரை பெயர் போனது. அரசாங்கக் கந்தோர்க்காரர்கள் ஆட்டோ பிடித்து வந்து, விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றுவிட்டு, வீட்டுக்கும் பார்சல் கட்டிக்கொண்டு போனார்கள். சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்து, முதல்தரம் என்று எழுதிய பச்சை ஒட்டியைக் கண்ணாடிப் பெட்டியில் தன் கையாலேயே ஒட்டினார். பதினைந்து வருடம் குசினிக்குள் வெந்த மேர்சிக்கு அது பெரிய விஷயம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் முன் வாங்கில் போய் உட்கார்ந்தாள். அந்தக் குசினிக்குள் என்ன இருந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. மிளகாய்த்தூள் பைக்கற்றில் வந்தது, தேங்காய்ப்பால் மாவாக வந்தது, இறைச்சி மணம் ஒரு சுவைக் கட்டியிலும் றால் மணம் இன்னொரு கட்டியிலும் வந்தன. இருபது எட்டு எடுத்து வைத்தால் வாவிக்குள் றால் உயிரோடு துள்ளிக்கொண்டிருக்க, அவள் றால் கட்டியை நுணுக்கிச் சட்டியில் தூவிக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அப்படித்தான் சமைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

உண்மையைக் கண்டுபிடித்தவன் அவளுடைய புருஷன் யோசேப். வாவியில் வலை போடுகிறவன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து, வீட்டில் இருக்கிற நேரமெல்லாம் அவள் கையால் தின்றவன். ஒரு வருடம் அப்படி ஓடி, மறு சித்திரையில் ஒரு மத்தியானம் கடைக்குப் பின்னால் மணலை மீன் வெட்டிக்கொண்டே, பக்கத்தில் சோற்றுக் கோப்பையையும் வைத்திருந்தான். குடலில் ஈ கறுப்பாக மொய்த்தது, கோப்பையில் ஒன்றுகூட இல்லை. குடலைக் கோப்பைக்குக் கிட்டத் தள்ளிப் பார்த்தான். இரண்டு நாள் பழசான இன்னொரு குடலை எடுத்து அதற்குள் ஒரு கரண்டி கறியை விட்டுப் பிசைந்து பார்த்தான். அந்த அழுகலையும் விட்டு ஈக்கள் எழும்பிப் போயின.

"இஞ்ச வா மேர்சி," என்று கூப்பிட்டான். "பீயில இரிக்கிற ஈ, உன்ட கறியில இரிக்குதில்ல."

சொல்லிவிட்டுத் தென்னைக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தான். மேசைகளில் இருந்தவர்களுக்கு அது கேட்டது. பொழுது படுவதற்குள் தாழங்கரை முழுக்க ஓங்காளித்தது. நேற்றைய சோற்றுக்கு ஓங்காளித்தவர்கள் கொஞ்சம். ஆறேழு வருடத்துச் சோற்றை நினைத்து நினைத்து ஓங்காளித்தவர்கள்தான் அதிகம். விரல் சூப்பியவர்களே கடை வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார்கள். இந்த மனுசரைப் பார்க்கத்தான் உண்மையில் அருவருப்பாக இருந்தது. ஒரு கிழமைக்குள் கடை பூட்டிக் கிடந்தது. அதை மேர்சி தாங்கிக்கொண்டாள். யோசேப் வாவிக் கரையில் மரவள்ளிக் கிழங்கை அவித்து, உப்பில் தொட்டுத் தனியே தின்றதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

சும்மா இருக்கவும் அவளால் முடியவில்லை. கறியில் சீனி தூவினாள். பக்கத்து வளவில் மாடு வளர்க்கும் சீதேவிப்பிள்ளையின் பட்டிக்குப் போய், நூறு ஈயைப் போத்தலில் பிடித்து வந்து, குசினிக் கதவைச் சாத்திவிட்டுத் திறந்துவிட்டாள். அவை ஓட்டு இடுக்கால் ஒவ்வொன்றாக நுழைந்து வெளியே போயின. களைத்துப்போய்ப் பாயில் சரிந்த மேர்சி அப்போதுதான் மற்றதைக் கண்டாள். பக்கத்தில் படுத்திருந்த யோசேப்பின் காலில் ஏழெட்டு ஈ. அவள் மேல் ஒன்றும் இல்லை. எழும்பிக் கையில் சர்க்கரைப் பாணியைப் பூசிக்கொண்டு மாட்டுப் பட்டிக்குள் போய் இருந்தாள். ஈக்கள் அவளைச் சுற்றி, ஒரு முழம் தள்ளி வளைந்து போயின.

"ஏங்கா மேர்சி, உனக்குள்ள என்னத்தக் கா அடைச்சு வெச்சிரிக்காய்?" என்று சாணம் அள்ளிக்கொண்டிருந்த சீதேவிப்பிள்ளை கேட்டாள். அவளுடைய முழங்கையில் ஈ ஊர்ந்தது. மேர்சிக்கு அந்த முழங்கையைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது.

அன்றைக்கு மூன்று தரம் குளித்தாள். கையை மணந்து பார்த்தாள், பைக்கற்று மணத்தது. யோசேப்பாவது வாவியில் இருக்கிற நேரம் மீனைச் சுட்டுத் தின்றான், ஊருக்கு விற்றதைத் தானும் மூன்று நேரமும் தின்றவள் அவள். நாளைக்குச் செத்தாலும் ஈ மொய்க்காது, மண்ணுக்குள் வைத்தால் புழுவும் தொடாது, நானூறு வருடத்துக்கு அப்படியே கிடக்க வேண்டும் என்று நினைக்க அவளுக்குத் தன் உடம்பின் மீதே குமட்டியது. குசினியில் இருந்த பைக்கற்றும் கட்டியும் போத்தலும் அவ்வளவையும் வளவு மூலையில் குழி வெட்டிப் போட்டு எரித்தாள். அந்தப் புகை ஒன்பது நாள் ஊருக்கு மேல் கலையாமல் நின்றது. ஒன்பது நாளும் தாழங்கரைக் கோழிகள் முட்டையிடவில்லை.

பிறகு முதலிலிருந்து தொடங்கினாள். யோசேப்பின் தம்பிக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் ஒரு துண்டு வயல்வட்டை இருந்தது, நெல் அங்கிருந்து வந்தது. வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்தாள். தேங்காயைத் திருவிப் பிழிந்தாள், மாவை இடித்தாள், விறகை ஊதினாள். இதையெல்லாம் சுகமான வாழ்க்கை என்று யாராவது சொன்னால், அம்மியில் மிளகாய் அரைத்த கையால் தன் கண்ணைக் கசக்கிவிட்டு வந்து சொல்லட்டும். மேர்சியின் உள்ளங்கை இரண்டும் காந்தின, முதுகு நிமிரவில்லை, முதல் மாதச் சமையல் நாய்க்கும் ஆகவில்லை. கட்டி போட்டுப் பழகிய கைக்கு உப்பின் அளவே மறந்துபோயிருந்தது. அவள் அழுதாள், ஏசினாள், மறுநாளும் அரைத்தாள். வைகாசியில் ஈக்கள் வாசல் படலை வரை வந்தன. ஆடியில் கூரையில் இருந்தன. ஆவணியில் சட்டி மூடியில் இருந்து யோசித்துவிட்டுப் போயின. புரட்டாதி முதல் வெள்ளி, றால் போட்ட முருங்கைக்காய் ஆணத்தின் ஓரத்தில் ஓர் ஈ உட்கார்ந்தது. வாசற்படியில் நின்று பார்த்த யோசேப் கை கழுவி வந்து இருந்து, சட்டியோடு தின்று முடித்தான்.

செய்தி பரவியதும் ஊரும் அரைக்கத் தொடங்கியது. பட்டணத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் 'ஈ இருக்கும் சாப்பாடு' என்று பலகை எழுதி, முந்திரிகைப்பழ வற்றலைக் கிள்ளி ஈ மாதிரிச் சோற்றில் ஒட்டிவைத்தார். அதையும் போனில் படம் பிடித்துக்கொண்டு தின்ன ஆள் இருந்தது. மேர்சி அந்தப் பக்கமே பார்க்கவில்லை. அவள் கறியில் ஈ இருந்தது, அவள் மேல் இன்னும் இருக்கவில்லை. பதினைந்து வருடம் தின்றது உடம்பை விட்டுப் போக ஒரு வருடமும் எட்டு மாதமும் எடுத்தது.

மார்கழி மழை விட்ட ஒரு காலை, கிணற்றடியில் றால் உடைத்துக்கொண்டிருந்தபோது அவளுடைய மணிக்கட்டில் ஓர் ஈ வந்து இருந்தது. மேர்சி மூச்சைப் பிடித்தாள். அது முன்கால் இரண்டையும் தேய்த்தது, முழங்கை வரை நடந்தது, பறந்து வந்து உதட்டில் இருந்தது. உதட்டை அசைக்காமல் அவளால் கூப்பிட முடியவில்லை. கையால் நிலத்தில் தட்டினாள். யோசேப் கையில் இருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அசையாத புள்ள," என்றான். "இன்னொண்டும் வருகுது."

கடையைத் திரும்பத் திறந்த கிழமை அந்தச் சுகாதாரப் பரிசோதகர் வந்தார். ஈக்களைக் கண்டார், சட்டப்படி பச்சை ஒட்டியை நகத்தால் சுரண்டி எடுத்து மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு கை கழுவி மேசையில் இருந்தார். மேர்சி சோறும் கறியும் வைத்தாள். தாழங்கரையில் இப்போது எல்லோரும் செய்வதுபோல அவரும் கோப்பையில் கை வைக்காமல் காத்திருந்தார். ஈ வந்து சோற்று விளிம்பில் இருந்தது. அவர் தின்னத் தொடங்கினார். ஆணம் விட நீட்டிய மேர்சியின் கையிலும் ஒன்று இருந்தது, அவள் அதை விரட்டவில்லை.